கடைசி எட்டுப் பக்கம்

தாட்சாயினி வீட்டில் தாளுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் அது அலுமாரிக்குப் போகும். இரண்டு பக்கமும் எழுதியிருந்தால் அடுப்படிக்குப் போகும். போர்க்காலத் தடையில் வவுனியாவைத் தாண்டி மண்ணெண்ணெயும் வராது, கொப்பியும் வராது என்றிருந்த தொண்ணூற்று நாலாம் ஆண்டில், முத்தையன்கட்டில் அநேக வீடுகளில் இதுதான் நடைமுறை. மகள் நிசாந்தினிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளும் தாட்சாயினிதான். ஏழு வயதுப் பிள்ளை சட்டத்தை ஒருநாளும் மீறவில்லை.

அந்த வியாழக்கிழமை காலையிலும் மீறவில்லை. மேசையில் கிடந்த பத்துத் தாளைப் புரட்டிப் பார்த்தாள். ஒரு பக்கம் அம்மா படிப்பிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சோதனை விடைகள். மறுபக்கம் அம்மாவின் கையெழுத்து. கொண்டுபோய் அடுப்படியில் வைத்தாள். தகப்பன் தயாபரன் எழும்பி, ஈர விறகோடு மல்லுக்கட்டி, அவற்றை ஒவ்வொன்றாகக் கசக்கிச் செருகித் தேத்தண்ணி கொதிக்க வைத்தான்.

அது தாட்சாயினியின் நாவலின் கடைசி அத்தியாயம்.

“நிசா, மேசையில இருந்த தாள் எங்கை?”

“முடிஞ்ச தாளம்மா. அடுப்படியில வைச்சனான்.”

தயாபரன் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

“நான் மற்றப் பக்கம் பாக்கேல்லையப்பா,” என்றான். “எட்டேழு நாப்பத்தாறெண்டு ஒருத்தன் எழுதியிருந்தான். எரிக்க வேண்டிய தாள்தானெண்டு நினைச்சன்.”

தாட்சாயினிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் ஓடிப்போய் அடுப்புச் சாம்பலைக் கிளறினாள். அவள் பிள்ளையை அடிக்கவில்லை, ஏசவில்லை. ஆனாலும் நிசாந்தினிக்கு விளங்கிவிட்டது. அன்று முழுக்க ஒரு தாளையும் அவள் தொடவில்லை. வீட்டுவேலைக் கொப்பியைக்கூடத் தாய்தான் விரித்து வைக்க வேண்டியிருந்தது.

இரண்டு வருசமாக எழுதிய நாவல். முதல் வருசம் வயிற்றுப் பிள்ளையோடு. இரண்டாம் வருசம் அந்தப் பிள்ளையை ஏணையில் போட்டு, கயிற்றைக் கால் பெருவிரலில் கட்டி ஆட்டிக்கொண்டு. பள்ளிக்கூடத்தால் வந்து, சமைத்து, மூத்தவளைக் குளிக்க வார்த்த பிறகு மிஞ்சும் முக்கால் மணித்தியாலம் அவளுடையது. அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மேல் வயல்காரன் வாய்க்காலை மறித்துக்கொள்ள, செல்லாச்சி என்ற விதவை தன் வயலுக்கு முறைத்தண்ணி கேட்டு நிற்கும் கதை அது.

ஒட்டுசுட்டானில் சுடலைமுத்து அதை அச்சடித்துக்கொண்டிருந்தார். எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத்தில் ஹட்டன் பக்கமிருந்து குடும்பமாக வந்தவர். அவரே முதலாளி, அவரே தொழிலாளி. காலால் மிதித்து ஓட்டும் ஒரு மெசின். கையில் இருந்த ஈய எழுத்து எட்டுப் பக்கத்துக்குத்தான் போதும். எட்டை அடுக்கி, அச்சடித்து, எழுத்தைக் கலைத்துப் பெட்டியில் போட்டால்தான் அடுத்த எட்டு. இப்படியே, கோடுபோட்ட கொப்பித் தாளில், நூற்றிருபது பக்கம் முடிந்திருந்தது. மிஞ்சியது எட்டு. திங்கட்கிழமை தவணைப் பரீட்சைத் தாள் வேலை தொடங்கும். எழுத்தும் மெசினும் அதற்குப் போகும். இருக்கிற தாளும் அதோடு தீரும். இனித் தாள் எப்போது வருமென்று சொல்ல ஆளில்லை. அதுவரை முடிவில்லாத நாவல் இருநூறு பிரதி சுவரோரம் கிடக்கும். கறையான்தான் வாசிக்கும்.

வெள்ளிக்கிழமை சின்னவளுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். ஒரு வரியும் எழுத முடியவில்லை. சனிக்கிழமை விடிய, காய்ச்சல் விட்டிருந்தது. தாட்சாயினி சைக்கிளைத் துடைத்தாள்.

“எழுதாமல் போய் என்ன செய்யப் போறீர்?” தயாபரன் நெல்லுச் சூடடிப்புக்குக் கிளம்பி நின்றான்.

“சொல்லப் போறன். அவர் அடுக்கட்டும்.”

“வாயாலயோ?”

“வகுப்பில நாப்பது பேருக்குச் சொல்லெழுதல் சொல்லுறன். ஒரு ஆளுக்குச் சொல்ல ஏலாதோ?”

தயாபரன் சைக்கிள் சில்லை அழுத்திப் பார்த்தான். பிறகு, “அங்கையிருந்து நாலு மணிக்கு முந்தி வெளிக்கிடும். பிறகு றோட்டில யானை இறங்கும்,” என்றான்.

சின்னவளைச் சேலைத் துண்டால் மார்போடு கட்டி, நிசாந்தினியைக் கரியரில் ஏற்றிக்கொண்டு அவள் வந்து இறங்கியபோது சுடலைமுத்து அச்சுக்கூட வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“என்னங்க டீச்சர், கையில கடுதாசியைக் காணோம், புள்ளைங்கதான் இருக்கு?”

“எரிஞ்சு போச்சு அண்ணை. நான் சொல்லுறன், நீங்க அடுக்குங்கோ.”

அவர் விளக்குமாற்றைச் சாத்தி வைத்தார். “கருமாதி நோட்டீசுக்குத்தான் இப்படி வந்து நின்னுக்கிட்டே சொல்லுவாங்க. கதைக்குச் சொல்லி நான் பாத்ததில்ல.”

“இனிப் பாருங்கோ.”

“ஒண்ணு மட்டும். அடுக்கினதை உருவச் சொல்லாதீங்க. நாள் பத்தாது.”

வீட்டில் ஒரு வரிக்கு மூன்று வரி வெட்டுகிறவள் தாட்சாயினி. இங்கே வெட்ட முடியாது. வரியை மனதில் முடித்துக்கொண்டு சொன்னாள். வரிகள் கட்டையாகவே வந்தன. ஈய எழுத்துகள் ஒவ்வொன்றாக இரும்புச் சட்டத்தில் விழுந்தன. எரிந்த தாளில் இருந்தது ஏறக்குறைய அப்படியே வாயில் வந்தது. நாலு மணிக்கு முந்தி நாலு பக்கம் முடிந்தது.

நிசாந்தினி அன்று முழுக்க வாசற்படியிலேயே இருந்தாள். உள்ளே எங்கு பார்த்தாலும் தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்படி வரவில்லை. எரிந்த அத்தியாயம் நன்றாக இருந்தது என்பது மட்டும் தாட்சாயினிக்கு ஞாபகம் இருந்தது, வரிகள் இல்லை. முடிவு தெரியும். விடியும்போது வாய்க்காலில் தண்ணி வரும். செல்லாச்சி வரம்பில் குந்தியிருந்து அழுவாள்.

அந்த இடத்துக்கு வந்தபோது சின்னவள் வீரிட்டாள். தாட்சாயினி கதிரையை இழுத்துப்போட்டுப் பால் கொடுக்க அமர்ந்தாள். சுடலைமுத்து எழுத்துப் பெட்டியை விட்டுத் தலையைத் திருப்பவில்லை.

“சொல்லுங்க டீச்சர். நானு சுவத்தைப் பாத்துதான் நிக்கிறேன்.”

அவள் சொல்ல வாயெடுத்தாள். ‘செல்லாச்சி அழுதாள்’ என்பது வெளியே வரவில்லை. பிள்ளை இழுத்துக் குடித்தது. அழுவதற்கு அந்த மனுசிக்கு நேரம் எங்கே? விடிந்தால் வீட்டில் நாலு வாய்.

“செல்லாச்சி மண்வெட்டியை எடுத்தாள்,” என்றாள்.

எழுத்துகள் விழுந்தன.

“மேல் வயல்காரன் கட்டிய அணையில் இறங்கினாள். வெட்டினாள்.”

சுடலைமுத்துவின் கை நின்றது. “அட, வெட்டிட்டாளா?”

“வெட்டீட்டா.”

“அந்த ஆளு சும்மா விடுவானா?”

“அடுக்குங்கோ அண்ணை. அடுத்த வரியில வாறான்.”

அவன் வந்தான். செல்லாச்சி மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வழிவிடாமல் நின்றாள். தன் வயல் நிரம்பும் வரைக்கும் நின்றாள். மூன்று மணிக்கு எட்டாம் பக்கம் முடிந்தது.

சுடலைமுத்து எழுத்தின்மேல் மையை உருட்டினார். “தாயி, அந்தத் தாளுல ஒண்ணு குடும்மா.”

நிசாந்தினி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“நிசா, எடுத்துக் குடு,” என்றாள் தாட்சாயினி. “நீ பிழை விடேல்லை. சட்டம் போட்டது நான். சட்டம்தான் பிழை.”

“இனி என்ன சட்டம்?”

“என்ர கையெழுத்து இருந்தால் என்னைக் கேக்க வேணும்.”

“உங்கட எழுத்தும் மற்றப் பக்கத்து அண்ணாமாற்றை எழுத்தும் ஒரே மாதிரியம்மா. எனக்கு என்னண்டு தெரியும்?”

சுடலைமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். “நூத்தியிருவது பக்கமா நான் பட்ட பாட்டைப் புள்ள சொல்லிருச்சு.”

“சரி,” என்றாள் தாட்சாயினி. “எந்தத் தாளெண்டாலும் கேள்.”

நிசாந்தினி உள்ளே வந்து, அடுக்கிலிருந்து ஒரு தாளை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள்.

பிழை பார்க்க எடுத்த அச்சு ஈரமாக இருந்தது. தாட்சாயினி வாசித்து இரண்டு இடத்தில் பிழை குறித்தாள். நிசாந்தினியும் தோளோடு நின்று கடைசிப் பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“அம்மா, முந்தி இவா அழுதவாவெல்லோ?”

தாட்சாயினி திரும்பினாள். “நீ வாசிச்சனியோ?”

“அடுப்படிக்குக் கொண்டுபோகேக்க. கடைசித் தாள் மட்டும்.”

சுடலைமுத்து இரண்டு பிழையையும் திருத்தி, எழுத்து அடுக்கிய இரும்புச் சட்டத்தை முடுக்கி மெசினில் ஏற்றியிருந்தார். கால் மிதியில் இருந்தது. அவரும் காத்துக்கொண்டு நின்றார்.

“எது நல்லம்?” என்று கேட்டாள் தாட்சாயினி.

நிசாந்தினி விரலை ஈர அச்சில் வைத்துக் கடைசி வரியைத் திரும்ப வாசித்தாள்.

“முந்தினது. அதில தண்ணி தானா வந்தது.”

சுடலைமுத்து தாட்சாயினியின் முகத்தைப் பார்த்தார். மணி மூன்றரை. தாட்சாயினி சின்னவளைத் தூக்கி மார்போடு வைத்து, சேலைத் துண்டை இழுத்து முடிந்தாள்.

“நீ கதை எழுதேக்க தானா வரட்டும்,” என்றாள். “அண்ணை, மிதியுங்கோ.”