வேட்டிக் கிழிசல்

நல்லகண்ணு கதவை இழுத்து வெளிக்கொண்டியை மாட்டினார். உள்ளே ஆவுடையப்பன் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

“தொறங்க சித்தப்பா. அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான்” என்றாள் பேச்சித்தாய்.

“அதுக்குத்தாம்ட்டி பூட்டுதேன். கூட்டத்தைக் கண்டு மிரண்டு ரோட்டுக்கு ஓடிட்டான்னா? ஒரே நாளுல ரெண்டு பாடை கட்டவா?”

அவள் கொண்டியை எடுத்தாள்.

பத்து வயதாகியும் தம்பிக்குப் பேச்சு வரவில்லை. அம்மா போனபின் அவனுக்கு எல்லாம் அப்பாதான். புளியங்குடியில் வாழ்க்கைப்பட்டிருந்த பேச்சித்தாய், தகவல் கிடைத்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள்.

முற்றத்தில் அப்பாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட, நாவிதர் அய்யாத்துரை பழைய வேட்டி ஒன்றை நீளமாகக் கிழித்தார்.

வெளியே வந்தும் மிரண்டுகொண்டிருந்த ஆவுடையப்பன் அந்தச் சத்தத்தில் அடங்கினான். நேரே அவர் முன்னால் போய் உட்கார்ந்து, வலது காலை நீட்டினான்.

“ஏலே, ஒனக்குமா கட்டணும்?” என்று யாரோ சிரித்தார்கள்.

மாலையோடு நின்ற பள்ளித் தலைமையாசிரியர் ஜெயசிங் சிரிக்கவில்லை.

“பெஞ்சுக்காலோட கட்டித்தாம்மா வச்சிருக்கோம்” என்றார் தணிந்த குரலில். “ஒரு கிளாசுல அறுபது புள்ளைய. வாசல்லயே மெயின் ரோடு. ஒருநா லாரிக்கு முன்னால போயி நின்னுட்டான். மொதல்ல கயிறுதான். கால் புண்ணாச்சு. ஒங்கப்பா வந்து பாத்தாரு. சண்டைக்கு நிப்பாருன்னு நெனச்சேன். மறுநாள் வேட்டியைக் கிழிச்சுக் கொண்டாந்து குடுத்தாரு. ‘இது அறுக்காது சார்’னாரு.”

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அவள் வரும்போதெல்லாம் அப்பா சொல்வார்: ‘தம்பி ஸ்கூல்ல ஒரு சேட்டை கெடையாது, தெரியுமா?’

“பெறவென்ன? அவனே நீட்டுதாம்லா. தூணோட கட்டிப் போடும் வே. கொள்ளிய நான் வச்சுக்கிடுதேன்” என்றார் சித்தப்பா.

அய்யாத்துரை அவளைப் பார்த்தார்.

“அப்பாவுக்கு மட்டும் கட்டுங்க அண்ணாச்சி.”

அவள் தம்பியின் காலை மடக்கி வைத்தாள். அவன் மறுபடி நீட்டினான். அவள் மறுபடி மடக்கினாள்.

பாடை கிளம்பியது. கொள்ளிச்சட்டி அவன் ஒரு கையில். மறு கை அவளிடம். தெருமுக்கு வந்ததும் பெண்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அவள் நிற்கவில்லை.

“ஏட்டி, எங்கன போற? பொம்பளைய வாரதுக்கு இதான் எல்லை!”

அவள் திரும்பவில்லை. சித்தப்பா ஆண்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

சங்கு ஊதியதும் ஆவுடையப்பன் மிரண்டு ஓரமாக இழுத்தான். அவள் பிடியை இறுக்கவில்லை. அவன் இழுத்த பக்கமே கூடப் போனாள். வேலியோரம் அவனோடு நின்றாள்.

பாடை தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டு காத்திருந்தார்கள்.