ரேணிகுண்டா வழியாக

விடியற்காலை ஐந்து மணிக்குத் தேசப்பன் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பேசியவன் ஞானதாஸ். இன்னும் பத்து மணி நேரத்தில், புனேயில், தேசப்பனின் மகள் வைஷ்ணவியைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போகிறவன்.

"சார், சென்னை ஏர்போர்ட்ல ரன்வே முழுக்க தண்ணி. எல்லா ஃப்ளைட்டையும் நிறுத்திட்டாங்க. உங்க ஃப்ளைட்டும் கேன்சல்."

தேசப்பன் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். இரண்டு நாளாகப் புயல் மழை. குப்பத்துப் படகெல்லாம் கரையேறிக் கிடந்தது. 'இது ஆவறதில்ல' என்று மனதுக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது என்பதை மறைப்பானேன்? வீம்பு பிடித்த மனுஷனுக்கு மழை ஒரு நல்ல சாக்கு.

வீம்பென்றால் சாதாரண வீம்பில்லை. மூன்று வாரமாக மகளின் போனை எடுக்கவில்லை. பையன் வேறு சாதி, வேறு மதம், திருநெல்வேலிப் பக்கம். அதைக்கூட மென்று முழுங்கியிருப்பார். "முடிவு பண்ணிட்டேன் நைனா"ன்னு அவள் சொன்னாளே, அதைத்தான் முழுங்க முடியவில்லை. கேட்கவில்லை, தகவல் சொன்னாள். யாரும் வீட்டு வாசலுக்கு வந்து முறையாகக் கூப்பிடவும் இல்லை. "கூப்புடாத எடத்துக்கு நான் இன்னாத்துக்கு போவணும்?" என்று மனைவி தேவகியிடம் கத்தினார். தேவகி துணிமணியை மடித்துப் பையில் வைத்தாள். நாலு நாளைக்கு முன்னால் தனியாகப் புனேக்கு ரயிலேறிப் போய்விட்டாள். போகிறவள் சும்மாவா போனாள்? ஞானதாஸின் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதி அரிசிப் பானை மூடியில் சோற்றுப் பசையால் ஒட்டிவிட்டுப் போனாள். சோறு பொங்க அரிசி எடுக்கும்போதெல்லாம் அந்த நம்பர் முகத்துக்கு நேரே நின்றது. நாலாவது நாள், அதாவது நேற்றுச் சாயங்காலம், மழைச் சத்தத்தில் ஒண்டியாகக் குந்திக்கொண்டிருந்தவர், மூடியைப் பார்த்துப் பார்த்து எண்ணை அழுத்திவிட்டார்.

"நான் வைஷ்ணவியோட நைனா பேசறேன். கல்யாணத்துக்கு வர்றேன். அவகிட்ட சொல்லாத. வந்து சேந்தா வந்தேன், இல்லாங்காட்டி இல்ல."

"சரிங்க சார்" என்றான் அவன். அவ்வளவுதான். எதற்கு, எப்படி, ஏன் இவ்வளவு நாள் கழித்து என்று ஒன்றுமே கேட்கவில்லை. அன்று ராத்திரியே சென்னையிலிருந்து ஃப்ளைட் டிக்கெட் போட்டுவிட்டான்.

இப்போது கட்டிலில் உட்கார்ந்தவரிடம் அதே நிதானத்தில் பேசினான். "சார், வேற வழி பாத்துட்டேன். எல்லைக்கு அந்தப் பக்கம் ரேணிகுண்டா ஏர்போர்ட் இருக்கு. அங்க மழை இல்ல. ஒன்பது நாப்பதுக்கு ஐதராபாத் ஃப்ளைட். ஐதராபாத்ல எறங்கி, பன்னெண்டு அஞ்சுக்கு புனே ஃப்ளைட். நடுவுல எழுபது நிமிஷம் இருக்கு. டிக்கெட் போட்டுட்டேன். நீங்க அஞ்சரைக்குள்ள கிளம்பினா போதும்."

"ரேணிகுண்டாவா? அது ரயிலு ஸ்டேஷனாச்சே!"

"ஏர்போர்ட்டும் இருக்கு சார்."

ராத்திரி முழுக்கத் தூங்காமல் வழி தேடியிருக்கிறான் என்பது குரலில் தெரிந்தது. கல்யாண நாளும் அதுவுமாக! தேசப்பன் எழுந்து மிச்சப் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.

பழவேற்காட்டிலிருந்து அர்ஷத் கார் கொண்டுவந்தான். வயது முப்பதுக்குள்தான், ஆனால் ரேணிகுண்டாவுக்கு ஆள் ஏற்றிப் போவதில் பழம் தின்று கொட்டை போட்டவன். பொன்னேரியில் டயர் பாதி முங்கத் தண்ணீர். கும்மிடிப்பூண்டி வரை வைப்பர் ஓயவில்லை. தேசப்பன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி பார்த்தார். எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டித் தடா வந்ததும் மழை சட்டென்று விட்டது.

"பாத்தியாண்ணே? பர்மிட் இல்லன்னு மழைய செக்போஸ்ட்லயே மடக்கிட்டானுங்க" என்றான் அர்ஷத். தேசப்பனுக்கு நாலு நாளுக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

"அந்த ஏர்போர்ட்டு எப்டிடா? நான் பிளேனு பக்கத்துலகூட போனதில்ல."

"மெட்ராஸு கடலுண்ணே, இது நம்ம ஏரி. கைக்கடக்கமா இருக்கும். வாசல்லயே எறக்கி வுட்டுருவேன், பத்தடி நடந்தா கவுண்டரு. ஐதராபாத்து, பெங்களூரு, வைசாக்கு எல்லாத்துக்கும் போவுது. அங்க மாறிக்கினா துபாயே போலாம். எங்க சாச்சாவ வீல்சேர்ல வச்சு பிளேனு வரைக்கும் அவங்களே தள்ளிக்கினு போனாங்க, ராஜா மாதிரி."

எட்டே காலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, தேசப்பன் அசந்துதான் போனார். கட்டடம் பளபளவென்றிருந்தது, ஆனால் மிரட்டவில்லை. தரையில் செருப்போடு நடக்கக் கூசியது. கவுண்டரில் ஆதார் அட்டையைக் காட்டியதும் இரண்டு சீட்டு அடித்துக் கொடுத்தார்கள். ஒன்று ஐதராபாத்துக்கு, ஒன்று அங்கிருந்து புனேக்கு. சோதனை செய்கிற இடத்தில் இடுப்பு வெள்ளி அரைஞாண் 'கீக்'கென்றது. அவர் பதறிப் போனார். காவலர் சட்டையைத் தூக்கிப் பார்த்து, தினமும் நூறு அரைஞாண் பார்க்கிறவரைப் போலத் தலையாட்டி, "போங்க" என்றார். உள்ளே குடிக்கத் தண்ணீர், போனுக்குச் சார்ஜ் போட வசதி, குழந்தைக்குப் பால் கொடுக்க மறைப்பு வைத்த தனி அறை. தேவகி பார்த்தால் அந்த அறையைத்தான் முதலில் மெச்சுவாள் என்று நினைத்துக்கொண்டார். வைஷ்ணவி கைக்குழந்தையாக இருந்தபோது பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் தேவகி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்ததும், தான் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றதும் ஞாபகம் வந்தது.

கண்ணாடிக்கு வெளியே, ஓடுபாதையோரம் கம்பத்தில் ஒரு துணிக்குழாய் உப்பி நின்றது. காற்று பார்த்துப் படகு விடுகிறவருக்கு அது என்னவென்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. வாடைக்காற்று. சொல்லிவைத்த மாதிரி, பெங்களூர் பிளேன் அந்தக் காற்றுக்கு முகத்தைக் கொடுத்து ஓடி எழும்பியது. "அட்றா சக்க! நம்மாளுங்கதான்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஒன்பது மணிக்கு மைக்கில் தெலுங்கில் சொன்னார்கள், ஐதராபாத் போகிறவர்கள் வரலாம் என்று. எல்லையோரத்து மனுஷனுக்குத் தெலுங்கு புரியாதா? எழுந்தார், கேட்டுக்குப் பக்கத்தில் முதல் வரிசை நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டார். அங்கேதான் தப்பு நடந்தது.

ஏரியில் 'பாடு' என்று ஒன்று உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். 'வாங்கப்பா' என்று பொதுவாகக் குரல் கொடுத்தால் வந்து கூடவேண்டும், அவ்வளவுதான். தன் பெயரை வாய்விட்டுச் சொல்லும்வரை ஒருத்தனும் நகரக்கூடாது. கூப்பிடாமல் இறங்கினவன் என்று பெயர் வாங்கிவிட்டால் அந்த வீட்டில் பெண்ணெடுக்கக்கூட யோசிப்பார்கள். தேசப்பன் முப்பது வருஷமாக அந்த ஒழுங்கில் ஒருமுறைகூடத் தவறாதவர். கையில் சீட்டு இருக்கிறது, அதில் நம்பர் இருக்கிறது. பிறகென்ன, கூப்பிடட்டும். பேண்ட்டும் கோட்டுமாக ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்து, 'இவ்ளோ படிச்சுட்டு இன்னா அவசரம்?' என்று முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

வரிசை கரைந்தது. கேட்டில் ஒருவரும் இல்லை. அப்போது மைக் கரகரத்தது. "பேசஞ்சர் தேசப்பன். பேசஞ்சர் தேசப்பன்."

மண்டபம் முழுக்கத் தன் பெயர் ஒலித்ததும் அவருக்கு நெஞ்சு விம்மியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக எழுந்தார். எதிரே சீருடைப் பெண் ஒருத்தி கையில் பட்டியலோடு ஓடிவந்தாள். மார்பில் திவ்யா என்று பெயர் குத்தியிருந்தது.

"தேசப்பன் ஐயாவா நீங்க? இங்கயேவா உக்காந்திருந்தீங்க! உங்க ஒருத்தருக்காக பிளேனுக்கு போற பஸ்ஸு நிக்குது. ஏங்கய்யா வரல?"

"பேர கூப்பிடலியேம்மா."

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஐயா, இங்க பேர் சொல்லி கூப்ட்டா, விட்டுட்டு போவப் போறோம்னு அர்த்தம்" என்றாள். "இது சின்ன எடம், நானே தேடி வந்துட்டேன். ஐதராபாத்துல வரமாட்டாங்க. எறங்கின ஒடனே வெளிய போவாதீங்க. 'ட்ரான்ஸ்ஃபர்'னு போர்டு இருக்கும், அந்தப் பக்கமே போங்க. யார வேணா கேளுங்க, வெக்கப்படாதீங்க." சீட்டின் மேல் தெலுங்கில் ஏதோ எழுதி அம்புக்குறியும் போட்டுக் கொடுத்தாள். பஸ் வரைக்கும் கூடவே ஓடிவந்து, படியில் கால் வைக்கும்போது பையை எடுத்துக் கொடுத்தாள். பெற்றவர்கள் நன்றாக வளர்த்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்தார்.

பிளேன் எழும்பியபோது பயப்படக்கூட அவருக்கு நேரமில்லை. அவள் சொன்ன வார்த்தையே காதில் நின்றது. மூன்று வாரத்தில் வைஷ்ணவி இருபத்தேழு தடவை கூப்பிட்டிருந்தாள். வாசலில் வந்து கூப்பிடவில்லை என்று இவர் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தாள். இவருக்குத்தான் உறைக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பணிப்பெண் வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

ஐதராபாத்தில் பிளேன் இருபது நிமிடம் தாமதமாக இறங்கியது. எழுபதில் ஐம்பதுதான் மிச்சம். அது பெரிய ஏர்போர்ட், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே ஜனம். தேசப்பன் வெட்கப்படவில்லை. துப்புரவு செய்பவரைக் கேட்டார், டீ விற்பவரைக் கேட்டார், போலீஸ்காரரிடம் சீட்டை நீட்டினார். திவ்யாவின் எழுத்தைப் பார்த்தவரெல்லாம் கைகாட்டினார்கள். மறுபடி அரைஞாண் கத்தியது, மறுபடி விட்டார்கள். செருப்பு அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். கதவு சாத்த ஏழு நிமிடம் இருக்கும்போது புனே கேட்டில் போய் நின்றார். யாரும் கூப்பிடவில்லை, அவரே சீட்டை நீட்டினார்.

இருக்கையில் விழுந்து மூச்சு வாங்கும்போது போன் அடித்தது. வைஷ்ணவி. இந்த முறை எடுத்தார்.

அவர் எடுப்பார் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை. "நைனா... இன்னும் மூணு மணி நேரத்துல ரிஜிஸ்டர் ஆபீஸு போறோம். நீ ஒண்ணும் பேச வேணாம். நல்லா இருன்னு ஒரு வார்த்த மட்டும் சொல்லு, போதும்."

"அத்த போன்ல சொல்றதா?" என்றார். குரல் உடைந்தது. "சாட்சிக் கையெழுத்து யாரு போடறது?"

"அம்மா ஒண்ணு, என் கூட வேல செய்ற ஜெனிஃபர் ஒண்ணு. மூணாவதா ஆபீஸ்ல யாரயாவது... ஏன் நைனா?"

"மூணாவது எடத்த காலியா வை."

பின்னால் பணிப்பெண் சீட் பெல்ட் போடச் சொல்லி அறிவித்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் வைஷ்ணவி அதைக் கேட்டிருக்க வேண்டும். "நைனா, எங்க கீற? நைனா, நீ எங்க கீற?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள்.

"மாப்ளகிட்ட கேளு, அவுருக்கு தெரியும்" என்றார் தேசப்பன். "நேத்துலேந்து வாயத் தொறக்காம இருந்துட்டாரு பாரு, பெரிய மனுஷன்."

போனை அணைக்கச் சொன்னார்கள். அணைத்தார். பிறகு பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒரு பேனா கடன் கேட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் கையெழுத்துப் போட்டு எத்தனையோ நாளாயிற்று. கவர்மெண்ட் ரிஜிஸ்டர், காலத்துக்கும் நிற்கப் போவது, கோணலாக விழுந்துவிடக் கூடாது. சீட்டைத் திருப்பித் தொடையில் வைத்து, தே. தேசப்பன் என்று எழுதினார். 'ப்ப' நெருக்கமாகிவிட்டது. மறுபடி எழுதினார். மூன்றாவது தடவை கொஞ்சம் தேவலை. நாலாவது எழுத ஆரம்பித்தபோது பிளேன் ஓடத் தொடங்கியது. எழுத்துகள் குலுங்கின, அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு விடாமல் எழுதினார். கடைசி 'ன்' போடும்போது சக்கரம் தரையை விட்டது. பேனா சீட்டின் ஓரம் வரைக்கும் ஒரே கோடாக மேலே இழுத்துக்கொண்டு போயிற்று.