அழித்துவிட்ட வெள்ளிக்கிழமைகள்

உறுமி மேளம் எல்லாருக்கும் பிடிக்கும், பக்கத்து வீட்டில் அடிக்காத வரைக்கும். ஈப்போவில் எங்கள் தாமான் குடியிருப்பில் யாரோ போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதன்பிறகு நானும் என் குழுவும் வெள்ளிக்கிழமை தோறும், பழைய ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் சுண்ணாம்புக் குகைக்குப் போய்ப் பயிற்சி செய்தோம். வௌவால்கள் புகார் கொடுக்கவில்லை.

என் தங்கை துளசிதான் கொடுத்தாள். மலைமேல் பெய்யும் மழை பாறைக்குள் ஊறிக் குகைக்குள் சொட்ட எவ்வளவு காலமாகும் என்று ஆராய்கிறவள். சொட்டு விழக்கூடிய இடத்தில் ஒரு பெட்டி வைத்திருந்தாள். மேல்மூடி அதிர்ந்தால் அது ஒன்று எண்ணிக்கொள்ளும். அவள் குகையும் எங்கள் குகையும் ஒன்று என்பது இருவருக்கும் தெரியாது. ஒரே வீட்டில் அவ்வளவு பேசிக்கொள்கிறோம்.

"அண்ணே, மத்த நாளெல்லாம் கோசோங், வெறும் பூஜ்யம். வெள்ளிக்கிழமை மட்டும் ஆயிரக்கணக்குல எண்ணியிருக்கு. நீதானா? இனி அந்தப் பக்கம் வராதே லா!"

"குகை என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கத்தினேன். அவளுக்கும் எனக்கும் ஒரே அப்பா என்பது கத்திய பிறகுதான் உறைத்தது.

அண்ணன் அடித்த மேளம் ஆராய்ச்சிக் கணக்கில் ஏறியதற்கு வெட்கப்பட்டு, துளசி வெள்ளிக்கிழமைகளை அழித்துவிட்டு மீதியைத் தன் பேராசிரியர் சிதம்பரத்துக்கு அனுப்பினாள். வெறும் பூஜ்யங்கள். மேலே மழை கொட்டியும் கீழே ஒரு சொட்டுகூட இல்லையென்றால் பெட்டி செத்துவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். அடுத்த வருடம் முதலிலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டார்.

துளசி சோற்றுத் தட்டின் முன் அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. சமாதானம் சொல்லப் போனேன்.

"பேசாதே. எல்லாம் உன்னாலதான். வெள்ளிக்கிழமையானா போதும், அந்தப் பொட்டி..."

பாதியில் நிறுத்தினாள். அழுகையும் நின்றது.

"அண்ணே, செத்த பொட்டி எப்படி மேளத்தை எண்ணும்?"

எச்சில் கையோடு ஓடிப்போய், அழித்ததையெல்லாம் மீட்டு அனுப்பினாள். வாராவாரம் எண்ணியிருக்கிறது. அப்படியென்றால் பெட்டி கடைசிவரை உயிரோடுதான் இருந்தது. பூஜ்யமெல்லாம் உண்மை, மழை இன்னும் பாறைக்குள்தான் இருக்கிறது.

அடுத்த வெள்ளி சிதம்பரமே குகைக்கு வந்தார். அடித்தோம். பெட்டி எண்ணியதைப் பார்த்துவிட்டு, காதைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, தண்ணி வந்து சேர்ற வரைக்கும் ஒரு வாரம்கூட விட்டுடாதீங்க."

நிறுத்தச் சொன்னவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறோம். எங்களுக்கு முந்திக்கொண்டு துளசி பதில் சொன்னாள்.

"வருவாங்க சார். எங்கண்ணன்."