மேட்டுக்கு வந்த பாடை

நந்தியாறு இரண்டு கரையையும் மிதித்துக்கொண்டு ஓடியது. தணிகை மலை மழைக்குள் காணாமல் போயிருந்தது. ஊர்க்காரர்களின் இடுகாடு கழுத்தளவு தண்ணீரில் கிடக்க, காலனிக்காரர்களின் இடுகாட்டு மேடு மட்டும் முழுகாமல் நின்றது. மேட்டுக்குப் போகும் வழியை மறித்துக் கடப்பாரையோடு நின்றான் காலனி முருகவேல்.

எதிரே பாடை வந்தது. பாடையில் பெரிய நிலக்காரர் பரசுராமன். முன்னால் அவர் மகன் ஸ்ரீதர்.

போன ஐப்பசியில் முருகவேலின் அம்மா சின்னம்மாளின் பாடையை இதே ஸ்ரீதரின் கரும்புத் தோட்டத்து வழியாகத் தூக்கிப்போனபோது ஸ்ரீதர் ஆட்களின் கல் பறந்தது. தம்பி ராஜீவுக்கு ஒரு கண் போயிற்று. பாடை சரிந்து அம்மா சேற்றில் குப்புற விழுந்தாள். பெற்றவள் வாயிலிருந்து சேற்றை விரலால் வழித்தெடுத்தவன் எதை மறப்பான்? வழக்கு கோர்ட்டில் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. சமாதானக் கூட்டத்தில் டீ கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

"வழி வுடு முருகவேலு. நைனா ஒடம்பு தாங்காது," என்றான் ஸ்ரீதர்.

"எங்கம்மா ஒடம்பு மட்டும் தாங்குச்சா?"

"பொதைக்க வேற மேடே இல்லடா!"

அந்த 'டா' போதுமாக இருந்தது. முருகவேல் கடப்பாரையை வீசினான். ஸ்ரீதரின் இடது தோள் முறிந்த சத்தம் மழையிலும் கேட்டது. ஊர்க்காரர்கள் அரிவாளோடு பாய்ந்தார்கள். ராஜீவும் காலனி ஆட்களும் கல்லெடுத்தார்கள். ஒருவன் மண்டை பிளந்து உட்கார்ந்தான். கைவிட்ட பாடை வழுக்கி, பரசுராமன் சேற்றில் குப்புற விழுந்தார்.

ஓங்கிய கையெல்லாம் நின்றது.

ஸ்ரீதர் முட்டி போட்டு, ஒற்றைக் கையால் அப்பாவைப் புரட்டினான். வாயிலிருந்த சேற்றை விரலால் வழித்தெடுத்தான். "நைனா... நைனா..." என்று பச்சைப்பிள்ளை மாதிரி அழுதான். இதைப் பார்க்கத்தானே முருகவேல் ஒரு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்? சந்தோஷம் மட்டும் வந்து தொலைக்கவில்லை.

ராஜீவ் மறுபடி கல்லை ஓங்கினான். முருகவேல் தம்பியின் கையைப் பிடித்து இறக்கினான்.

"எடம் தரோம்," என்றான் ஸ்ரீதரிடம். "ஆனா கேச வாபஸ் வாங்கமாட்டேன். நீயும் எம்மேல போட்டுக்க."

தலைமுறை தலைமுறையாக நிலக்காரர் வீட்டுச் சாவுக்குக் குழி வெட்டியவர்கள் காலனிக்காரர்கள்தான். அந்தப் பழக்கத்தில் ஸ்ரீதர் கேட்டும்விட்டான்: "குழி வெட்ட ஆளு அனுப்புறியா?"

முருகவேல் கடப்பாரையை நீட்டினான். அதிலிருந்த ரத்தத்தை மழை பாதிதான் கழுவியிருந்தது.

"நீ வெட்டு."

காலனிப் பக்கம் ஒருவரும் அசையவில்லை. ஸ்ரீதர் நல்ல கையால் கடப்பாரையை வாங்கிக்கொண்டு மேடேறினான்.

ஊர்க்காரர்கள் பரசுராமனை மறுபடி பாடையில் கிடத்தினார்கள். பாடையின் கால்பக்கம் தூக்க ஆளில்லாமல் கிடந்தது. முருகவேல் குனிந்து தோள் கொடுத்தான்.