நாப்பத்தேழு நிமிஷம்

எனக்குக் கோபம் வந்தா நடை வேகமாயிடும். அன்னைக்கு எம் பொண்ணு தாரணி பின்னாடியே ஓடி வந்தா. "அம்மா, வேண்டாம்மா, விட்டுடும்மா"ன்னு ஸ்கூல் கேட் வரைக்கும் ஒரே கெஞ்சல்.

எப்படி விடறது? அவ ஒம்பதாவது படிக்கறா. அவங்க ஸ்கூல்ல பாடப் புஸ்தகம் பூராவும் போனுக்குள்ள வந்துடுச்சு. யாரு எந்தப் பக்கத்தை எத்தனை நிமிஷம் படிச்சாங்கன்னு வாத்தியாரோட கம்ப்யூட்டர்ல தெரியும். எங்க வீட்டுல அந்தப் புஸ்தகம் ஏறுற போன் என்னோடது ஒண்ணுதான். காலையில அவ படிப்பா. மத்தியானம் நஞ்சன்கூடு பாக்டரிக்கு ஷிப்டு போறப்ப நான் எடுத்துட்டுப் போயிருவேன்.

மைசூர்ல எல்லா ஸ்கூலும் கலந்துக்கற அறிவியல் வினாடி வினாவுக்கு, அதிக நிமிஷம் படிச்சவங்கன்னு இவளையும் சேர்த்து மூணு பேரை எடுத்திருந்தாங்க. முந்தின நாள் அறிவியல் வாத்தியார் பசவராஜ் சார் போன் பண்ணி, பட்டியல்ல இருந்து இவ பேரை அடிச்சுட்டேன்னுட்டாரு. தினமும் ஒண்ணேமுக்காலுக்கு இவ புஸ்தகம் திறந்திருக்காம். அந்நேரம் இவ கிளாஸ்ல உட்கார்ந்திருக்கா. நிமிஷத்தைக் கூட்டிக் காட்ட யாரோ திறந்து வெக்கறாங்க, யாருன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறான்னாரு. நாளைக்கு நேர்ல வரேன்னு மட்டும் சொன்னேன்.

திறந்தது நாந்தான். எங்க ஊரு கௌதள்ளியில கன்னட ஸ்கூல்ல ஏழாவதோட நின்னவ நான். கம்பெனி பஸ்ல சும்மா உட்கார்ந்து போறதுக்கு, இவ பாடத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிச்சேன். நல்லா இருந்துச்சு. ஆனா, "யார்கிட்டயும் சொல்லிப்புடாத அம்மிணி, இந்த வயசுல படிப்பான்னு சிரிப்பாங்க"ன்னு இவகிட்டச் சொல்லி வெச்சிருந்தேன்.

"பேரையே அடிச்சுட்டாங்களே, அப்பவும் ஏண்டி சொல்லல?"ன்னு வீட்டுல கேட்டேன்.

"நீதானே சொல்லாதன்ன."

அவ்வளவுதான் சொன்னா. இப்படி ஒரு பிள்ளையைப் பெத்துட்டு, நான் என் வெக்கத்தைக் கட்டிக்கிட்டு வீட்டுல உட்கார்ந்திருக்க முடியுமா?

சார் ரூம்ல வேற ரெண்டு மூணு அம்மாக்களும் இருந்தாங்க. கன்னடத்துலதான் பேசினேன். "சார், புஸ்தகத்தைத் திறந்தது நான். படிக்கறதுக்குத்தான் திறந்தேன்."

ஒரு அம்மா முந்தானையால வாயை மூடிக்கிட்டாங்க. சிரிப்புதான், தெரியாதா என்ன.

சாரும் நம்பல. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாரு. "எதிரொலிப் பாடம், ஒரே பக்கம், நாப்பத்தேழு நிமிஷம். படிக்கறவங்க ஒரு பக்கத்துல இவ்வளவு நேரம் இருப்பாங்களாம்மா? போனைத் திறந்து அப்படியே போட்டிருக்கீங்க."

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. "புரியல சார், அதான் நாப்பத்தேழு நிமிஷம். இன்னமும் புரியல. பதினேழு மீட்டருக்கு மேல தள்ளிச் சுவர் இருந்தா எதிரொலி கேக்கும்னு போட்டிருக்கு. எங்க பாக்டரி குடோன் அதைவிடப் பெருசு. காலியா இருக்கறப்பக் கூப்பிட்டா என் குரல் திரும்பி வருது. அட்டைப்பெட்டி அடுக்கினப்புறம் அதே இடத்துல நின்னு கூப்பிட்டா வர்றதில்ல. என் குரல் எங்க சார் போச்சு?"

அந்த அம்மாவோட முந்தானை வாயிலேருந்து கீழ இறங்கிடுச்சு.

"அட்டைப்பெட்டி சத்தத்தை உறிஞ்சிடும்மா. சுவர் வரைக்கும் போக விடாது"ன்னாரு. அப்புறம் மெதுவா, "நாலு செக்‌ஷனுக்கு இந்தப் பாடம் நடத்தறேன். ஒரு பிள்ளையும் இதைக் கேட்டதில்ல"ன்னாரு.

தாரணியைக் கூப்பிட்டாரு. "தப்பு என்னோடதும்மா. நான் விசாரிச்சிருக்கணும்"னு எல்லார் முன்னாடியும் சொல்லி, பட்டியல்ல பேரைத் திரும்ப எழுதினாரு. போட்டிக்கான பாரத்தையும் நீட்டினாரு. அவ அங்கேயே நின்னு நிரப்பினா.

அந்தப் பாரத்துல அம்மாவோட படிப்புன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அந்தக் கட்டம் எந்தப் பாரத்துல வந்தாலும் கோடு போட்டுடுன்னு நான் சொல்லுவேன், அவளும் போட்டுடுவா. அன்னைக்கு என்னைக் கேக்கவே இல்ல. என்னமோ எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி என்கிட்டக் கொடுத்தா.

எழுத்துக்கூட்டிப் படிச்சேன். 'ஏழாவது பாஸ். இப்போது ஒன்பதாவது படிக்கிறார்.'

இன்னொரு தடவையும் படிச்சுட்டு, கீழ கையெழுத்துப் போட்டேன்.