சுண்டெலிக்கு வாசித்த கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் உங்களுக்காகத் தொடங்கவில்லை. குறைமாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் என் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிதாகக் கிடந்த மகளுக்காகத் தொடங்கினேன். அதுவும் விரும்பி அல்ல. அறுவைச் சிகிச்சை முடிந்தும் ரத்தக் கொதிப்பு இறங்காமல் மனைவி வேறொரு மாடியில் படுத்திருந்தாள். தாய் வரும்வரை தகப்பன் சுமக்கட்டும் என்று முடிவாயிற்று.

“சட்டையைக் கழட்டிட்டு அந்த சாய்வு நாற்காலியில உக்காருங்க சார்,” என்றார் நர்ஸ். பிள்ளையை எடுத்து என் வெற்று மார்பில் கவிழ்த்து, மேலே துணியைப் போர்த்தினார். “ஏதாவது பேசுங்க. உங்க குரல் அவளுக்குப் பழகட்டும்.”

எழுதிப் பிழைக்கிறவன் நான். பேசிப் பழக்கமில்லை. கைப்பேசியில், பாதியில் நின்ற கதை ஒன்று இருந்தது. அதை வாசித்தேன்.

2

தொடக்கம் ஒன்று: “மழை பெய்து ஓய்ந்த அந்த மாலையில், தனிமையின் கனத்தைச் சுமந்தபடி அவன்—”

பக்கத்திலிருந்த கருவி கூவியது. நர்ஸ் ஓடிவந்து, பிள்ளையின் காலில் ஒட்டியிருந்த ஒயரைச் சரிசெய்தார். “ஒயர்தான் நழுவியிருக்கு. ஆனா கதையும் கொஞ்சம் இழுவைதான் சார்.”

தொடக்கம் இரண்டு: “காலம் என்பது ஒரு—”

(இதற்குமேல் எனக்கே தாங்கவில்லை.)

தொடக்கம் மூன்று எழுதியதே அல்ல. கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, “உங்கம்மா இருக்காளே,” என்று ஆரம்பித்தேன். “அவளும் நானும் ஒரு அலமாரியை மாடிக்கு ஏத்தினோம். படி திரும்புற இடத்துல மாட்டிக்கிச்சு. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ. அலமாரியை நடுவுல வச்சுக்கிட்டே சண்டை போட்டோம். மூஞ்சியைப் பாக்காம சண்டை போடறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?” திரையில் இதயத் துடிப்பின் எண் மெல்ல இறங்கி ஓரிடத்தில் நிலைத்தது. இதைவிட நேர்மையான விமர்சனம் எனக்கு இதுவரை வந்ததில்லை.

3

இங்கே மருத்துவர் வரவேண்டும். முதல் பிரதியில் அவர் மீசையை நீவியபடி பாடப்புத்தகம்போலப் பேசினார். நம்பும்படியாக இல்லை. உண்மையில் அவர் ஒரு பெண்மணி. வெளியே தாழ்வாரத்தில் நின்று, பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்துக் கொறித்தபடி பேசுவார்.

“இதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்குமா டாக்டர்?”

“இருக்காது. ஆனா ஞாபகம் வச்சுக்கிற இடம் மூளையில இப்பதான் வளந்துக்கிட்டிருக்கு. ஊசி, வெளிச்சம், சத்தம்னு ஓயாம மிரண்டுக்கிட்டே இருந்தா, உடம்புல அதுக்குன்னு ஒரு ஹார்மோன் சுரக்கும். அது ரொம்ப நாள் மிதமிஞ்சி இருந்தா அந்த வளர்ச்சியைக் கெடுக்கலாம். எலிங்களை வச்சுப் பாத்திருக்காங்க. தாய் நிறைய நக்கிக் குடுத்த குட்டிங்க பெருசானப்புறம் சட்டுனு மிரளலை. போன வழியையும் நல்லா ஞாபகம் வச்சுக்கிச்சு.”

“அப்ப இவ சரியாயிடுவா?”

“இவ எலி இல்லையே, எப்படி உத்தரவாதம் குடுக்கறது? ஆனா சுமக்கறதை நிறுத்திடாதீங்க.” கொஞ்சம் கடலையை என் கையில் கொட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து மகள் சுண்டெலி ஆனாள்.

4

(இந்தப் பகுதியை நீக்கிவிட நினைத்தேன். மனைவி விடவில்லை.)

ஒரு மதியம் சுண்டெலி மூச்சுவிட மறந்தாள். என் நெஞ்சின்மேல் இருந்த அந்தச் சின்ன அசைவு நின்றது. நர்ஸ் அவள் உள்ளங்காலைச் சுண்டினார். மறுபடியும் சுண்டினார். விக்கலைப்போல மூச்சு திரும்பி வந்தது.

“குறைமாசப் பிள்ளைங்க அப்பப்ப மறந்துடும் சார். வளர வளர சரியாயிடும். நீங்க போய் அம்மாவைப் பாத்துட்டு வாங்க, முகமே வெளுத்துப்போச்சு.”

தினமும் போய்வந்த வழிதான். ஆனால் அவள் எந்த மாடி என்பது சுத்தமாக மறந்துவிட்டது. ஏறினேன், இறங்கினேன், கடைசியில் பல் மருத்துவப் பிரிவில் போய் நின்றேன்.

“எந்தப் பல்லு?” என்றார் அங்கிருந்தவர்.

“பொண்டாட்டி,” என்றேன்.

பயம் மனிதனின் ஞாபகத்தை என்ன செய்யும் என்பதற்கு இன்னுமொரு ஆராய்ச்சி வேண்டுமா என்ன. நல்ல மனிதர், அவரே விசாரித்துக் கூட்டிக்கொண்டுபோய் விட்டார்.

மூச்சு நின்றதைச் சொன்னதும் மனைவி அழுதாள். பல்லைப் பற்றிச் சொன்னதும் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “டாக்டரைக் கேட்டு என்னைச் சக்கர நாற்காலியில ஏத்து. நானே போறேன். உன்னை நம்பினா பல்லைப் புடுங்கிட்டுத்தான் வரணும்.”

கொதிப்பு இறங்கியிருந்ததால் விட்டார்கள். அன்றுதான் முதன்முறையாகச் சுண்டெலி தாயின் மார்பில் கிடந்தாள். திரையில் எண்கள் என்ன சொல்லின என்று எனக்குத் தெரியாது. நான் திரையைப் பார்க்கவே இல்லை.

5

இனி முடிவு.

ஒரு முடிவு: ஐந்து வயதில், யாரும் சொல்லித்தராமலே, அலமாரிச் சண்டையை அவள் ஒப்பிக்கிறாள். (மனைவி ஓரத்தில் எழுதியது: “புளுகு.”)

இன்னொன்று: பெரிய ஞாபகசாலியாகி, மேடையில் பரிசு வாங்க அவள்— (மனைவி: “பக்கத்து வீட்டுக்காரங்க படிப்பாங்க. மானத்தை வாங்காதே.”)

நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வயதில் பரிசோதனைக்குப் போனோம். அதே மருத்துவர்தான். மேசையில் நான்கு கிண்ணங்களைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் ஒரு மரக்குதிரையை ஒளித்தார். கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசவேண்டும், பிறகு குதிரை எங்கே என்று கேட்கவேண்டும். அதுதான் சோதனை. அந்த இடைவெளியில் எங்கள் சுண்டெலி மருத்துவரின் பேனாவை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“எந்தக் கையின்னு சொல்லு.”

“வலது கை.”

வலது கை காலி. “தோத்துட்டியா?”

“தோத்துட்டேன்மா. சரி, இப்ப உன் முறை. குதிரை எங்க இருக்கு?”

மனைவியின் விரல்கள் என் முழங்கையில் அழுந்தின. மகள் நான்கு கிண்ணங்களையும் பார்த்தாள். எங்களையும் பார்த்தாள். ஒன்றைத் தூக்கினாள்.

எந்தக் கிண்ணம் என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. நாங்கள் நால்வரும் சிரித்த சிரிப்பில், வெளியே காத்திருந்தவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அதை மட்டும் சொல்கிறேன். அடியில் குதிரையை வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம். சிரிப்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.