தேவையில்லாத எழுத்துகள்

திருகோணமலைத் துறைமுக வீதியில் ஸெய்னுதீன் நடத்தும் ஸ்டூடியோவில் கம்பியூட்டர் வேலை ஸப்வானுடையது. கலியாணப் படங்களைக் கையால் பெரிய டிஸ்க்குக்கு மாற்றுவது தன் மூளைக்கு இழுக்கு என்று எண்ணி, அதைக் கம்பியூட்டரே செய்யும்படி ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சில கட்டளை வரிகள், எழுதினான்.

படங்களுக்குப் பெயரிடுபவள் லக்சனா. ஆல்பத்தில் அடுக்க வசதியாக ‘மோதிரம் மாற்றல்’, ‘மாமியார் முத்தம்’ என்று அழகான தமிழில் எழுதி வைப்பாள். ஸ்கிரிப்டோ இடைவெளி கண்ட இடத்தில் பெயரை வெட்டியது. ‘சுகந்தன் ஜெசிகா’ என்ற ஃபோல்டரைக் கொடுத்தால் சுகந்தனைத் தனியாகவும் ஜெசிகாவைத் தனியாகவும் தேடிவிட்டு, இருவருமே இல்லை என்று கைவிரித்தது. தேவாலயத்தில் சேர்ந்தவர்களை ஓர் இடைவெளி பிரித்துவிட்டது.

ஸப்வான் முதலில் வைரஸ் என்றான். பிறகு எழுத்துரு என்றான், மின்வெட்டு என்றான். கடைசியில் இணையத்தில் யாரோ சொன்னபடி, பெயர் வரும் இடத்தில் இரட்டை மேற்கோள்குறி போட்டதும் பெயர் உடையாமல் நின்று வேலை நடந்தது. அத்தோடு நிறுத்தினால் அவன் ஸப்வான் இல்லையே. பெயர்களைத் துப்புரவாக்க இன்னொரு வரி சேர்த்தான்: ஆங்கில எழுத்து, எண், புள்ளி தவிர்த்துத் தேவையில்லாத எழுத்துகளை எல்லாம் நீக்கு. பரிசோதிப்பது சந்தேகக்காரர் வேலை என்பதால் நேரே ஓடவிட்டான்.

ஸ்கிரிப்ட் சொல்கேட்கும் பிள்ளை. தமிழ் முழுவதையும் நீக்கியது. ஒவ்வொரு படத்தின் பெயரும் வெறும் ‘.jpg’ ஆனது. ஒரே பெயர் என்பதால் மோதிரத்தை முத்தம் விழுங்க, முத்தத்தை அடுத்த படம் விழுங்க, கடைசியாக வந்த ‘வாசலில் வாழைக்குலை’ மட்டும் மிஞ்சியது. பிரதி எடுக்காமல் இடம் மாற்றும்படி எழுதியிருந்ததால் பழைய இடத்திலும் ஒன்றுமில்லை.

மணப்பெண் ஜெசிகாவின் தாய் இன்பமலர் உப்புவெளியிலிருந்து வந்து கதிரையில் இருந்தார்.

“ஆல்பம் எந்தளவில தம்பி?”

“கம்பியூட்டருக்குத் தமிழ் ஏலாதம்மா. அதால சின்னப் பிரச்சினை.”

“ஏலாதோ? எங்கட சனம் போனில நாள் முழுக்கத் தமிழிலதானே சண்டை பிடிக்கினம்?”

லக்சனா திரும்பிக்கொண்டு சிரித்தாள். ஸப்வானுக்குக் காது சுட்டது. உள்ளே போய், இரண்டு வெற்றுப் பைல்களுக்குத் தமிழில் பெயரிட்டு ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்தான். ஒன்று மற்றதை விழுங்கியது. கடையில் எல்லோரும் அண்ணன் முறையில் ‘நானா’ என்று அழைக்கும் முதலாளி ஸெய்னுதீனிடம் நேரே போனான்.

“நானா, கம்பியூட்டரில பிழையில்ல. படங்கள அழிச்சது நான்தான்.”

“எல்லாத்தையுமா?”

“வாழைக்குலை இருக்கு.”

ஸெய்னுதீன் திட்டத் தொடங்கிப் பாதியில் விட்டார். திட்டுவதற்குக்கூடச் சேதம் ஓர் அளவோடு இருந்தால்தான் வசதி.

அப்போது கமராக்காரன் அன்ஸார் காற்சட்டைப் பையைத் துழாவினான். ஒவ்வொரு கலியாணம் முடிந்ததும் மெமரி கார்டில் உள்ளதை அழிக்கும்படி முதலாளி சொல்லியிருந்தும், சோம்பலால் அவன் அதைச் செய்வதில்லை. அதற்காக வாங்கிய ஏச்சுக்குக் குறைவில்லை.

“ஜெசிகாட கலியாணம் எடுத்த இந்தக் கார்டையும் அழிக்க நேரம் கிடைக்கல்ல நானா” என்று நீட்டினான்.

அன்று சோம்பேறிக்கு அந்தக் கடையில் புரியாணி கிடைத்தது.

ஸப்வான் அந்தத் துப்புரவு வரியை வெட்டினான், மேற்கோள்குறியை விட்டுவைத்தான், இடமாற்றத்தைப் பிரதியாக்கினான். படங்கள் திரும்பி வந்தன, ஆனால் கமரா கொடுத்த எண்களோடு. லக்சனா பெயர்களைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாகத் தமிழில் தட்டச்சு செய்யும் வேலை அறிவாளியின் தலையில் விழுந்தது.

“மாப்பிள்ளைக்கு எந்த ‘ல’? சின்னதா, பெரிசா?” என்று கேட்டான்.

“ரெண்டும் பெரிய ‘ள’தான். வடிவாத் தேடிப் போடுங்கோ” என்றாள் லக்சனா.